கீலுக்கு விட்ட எண்ணெய்

மழையில் ஊதிப்போன மர ஜன்னலை இழைத்து, பழைய பெயிண்டைச் சுரண்டி, கீல்களுக்கு எண்ணெய் விட்டுத் தச்சர் மறுபடி மாட்டிவிட்டார். யாரும் குறை சொல்ல முடியாத வேலை. விரல் பட்டாலே கதவு வெயிலை ஏந்திக்கொண்டு வழுக்கிப் போகிறது. வீட்டு மருமகள் இரண்டு முறை திறந்து மூடிப் பார்க்கிறாள். "அப்பாடா! நாள் பூரா கிறீச் கிறீச்சுன்னு தலையே வெடிச்சிடும்ணா. இப்பதான் வீடு வீடா இருக்கு." டீ போட உள்ளே போகிறாள். ஜன்னலோரக் கட்டிலில் அவளுடைய மாமனார். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போனவர். அவர் இடது கையில் ஒரு நாடா. அதன் மறுமுனை ஜன்னல் கொக்கியில். காலையில் எதற்கென்று கேட்காமல் அவிழ்த்து, இப்போது திரும்பக் கட்டியதும் தச்சர்தான். பெரியவர் நாடாவை இழுக்கிறார். கதவு வருகிறது, விட்டதும் போகிறது. தரையில் வெளிச்சம் குறுகி விரிகிறது. சமையலறையில் கரண்டி டம்ளரில் மோதிக் கலக்கும் சத்தம் நிற்கவில்லை. இன்னும் வேகமாக இழுக்கிறார். போர்வை நனைந்து, கட்டில் விளிம்பிலிருந்து சிறுநீர் சொட்டுகிறது. தச்சருக்கு அப்போதுதான் உறைக்கிறது. "ஏம்மா, பெரியவர் கூப்பிடுறாரும்மா!" கரண்டி ஒரு கணம் நிற்கிறது. "கூப்பிட்டாரா? எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணா." கரண்டி மறுபடி சுற்றத் தொடங்குகிறது. தச்சர் தோளிலிருந்த துண்டை எடுத்து, கீலில் இருக்கும் எண்ணெயை அழுத்தி அழுத்தித் துடைக்கிறார். கதவை ஆட்டிப் பார்க்கிறார். சத்தம் வரவில்லை.