ஓடும்போது வரும் சத்தம்

“மூணாவது தடவயா சிதம்பரத்துலேர்ந்து கடலூர் வர்றேன். பாட்டு போட்டா இன்னும் கீன்னு கத்துது!” என்று கார் ஆடியோ கடை சார்லஸிடம் எகிறினேன்.

“எர்த் மாத்திட்டேன், ஒயரும் மாத்திட்டேன். இங்க சத்தமே வரல சார்.”

“வண்டி ஓடுறப்பதான் வரும்.”

ஒவ்வொரு முறையும் கூடவே வரும் அப்பா, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்து பின்சீட்டில் ஏறினார்.

சார்லஸ் ஸ்டீரியோவையே கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “இப்ப ஓட்டுங்க” என்றார்.

அப்போதும் ‘கீ’ என்றது. சார்லஸ் திரும்பிப் பார்த்தார்.

“ஐயா, உங்க காது மெஷின்ல சவுண்டு ஜாஸ்தியா இருக்கு.”

அப்பா பதறிப்போய்க் குறைத்தார்.

“வழியில புள்ள ஏதாச்சும் பேசுவான், காதுல விழணுமேன்னு முழுசா வச்சிருந்தேன் தம்பி.”

பாட்டும் இல்லாத காரில், அப்பாவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் கூசிப்போய் ஓட்டினேன்.