எழுந்ததும் பிடி

“அது கண்ணு முழிச்சதும் கழுத்தைப் பிடிச்சிடணும். ஒரு மூச்சு விடக்கூடாது. புரியுதாம்மா?”

புரிகிறது என்று தலையாட்டினாள் அவள். பிடிக்க வேண்டியது ஆளை அல்ல, பார்சல் கிடங்கின் புரோகிராமை. வெளியே ஒன்பது லாரிகள் மாற்றி மாற்றி ஹாரன் அடித்தன.

ஒரு மாதமாக மூடாமலே ஓடிக்கொண்டிருந்த புரோகிராம். இன்று காலை அதை மூடி, தான் எழுதிய பன்னிரண்டு வரிகளைச் சேர்த்துத் திறந்தாள். செத்தும் விழாமல், ஓடியும் தொலைக்காமல், சொல்லிவைத்த மாதிரி அப்படியே நின்றுவிட்டது.

“பன்னெண்டு மணிக்குள்ள ஓடலைன்னா நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துடும்மா. நாங்களா அனுப்பினா அசிங்கம்” என்று கிடங்கு மேலாளர் பரிவோடு சொல்லியிருந்தார். வேலை நிரந்தரமாக அவளுக்கு இன்னும் பதினோரு நாள் பாக்கி. மணி பதினொன்று நாற்பது.

அதற்காகத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து, கழுத்தைப் பிடிக்கச் சொல்லும் இந்த ஆபத்பாந்தவர் வந்திருந்தார். பெற்றோர் வைத்த பெயர் வேறு. இது அலுவலகம் வைத்தது. அது கிண்டல் என்பதை மட்டும் அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

“போன மாசம் இதே மெஷின் அடம் பிடிச்சப்போ யாரு வந்து கை வெச்சா? நான்தானே! அரை மணி நேரம். முடிச்சிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டே இருந்தேன்.”

“ஆமா சார், ஆமா சார்” என்றார் மேலாளர். ஒருமுறை சொன்னால் போதாது என்பது அவர் கட்சி.

“சார், என் வரியை எடுத்துட்டுப் பழைய புரோகிராமையே போட்டுப் பாத்தேன். அதுவும் இப்படியேதான் நிக்குது.”

“உன் கைராசி, பழசும் படுத்துடுச்சு!”

மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆபத்பாந்தவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரசங்கத்தைத் தொடங்கினார்.

“டிபகர்னா யாரு? புரோகிராம் பின்னாலயே நின்னு வரி வரியா வேவு பாக்குறவன். நாம கையால அவனை ஒட்ட வெக்கறதுக்குள்ள காரியம் கெட்டுப்போகுது. அதனால மெஷின்லயே ஒரு விதி எழுதி வெச்சுடணும். அப்புறம் புரோகிராம் எப்ப எழுந்தாலும் அவன் தானா வந்து ஒட்டிக்குவான். முதல் வரியிலயே நிறுத்திடுவான். நான் ‘போ’ன்னு சொல்ற வரைக்கும் அது அசையாது.”

அவர் நடத்தும் கூட்டங்களும் அப்படித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை.

“அப்புறம் வரி வரியா பாப்போம். எந்த வரி குத்தம், யாரு எழுதுன வரி, எல்லாம் வெட்டவெளிச்சம்!”

நாலு பேர் பார்க்கிற இடத்தில் கீபோர்டைத் தொடுவது அவர் தகுதிக்குக் குறைச்சல். அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். புரோகிராமின் பெயரை இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தாள்.

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. மேலாளர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் சத்தமில்லாமல் அவள் பக்கம் நகர்த்தினார். சிரமம் வேண்டாமென்று தேதியை அவரே போட்டுவைத்திருந்தார்.

“ம், சேவ் பண்ணு.”

பண்ணினாள். திரையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்தது. அதை ஒருமுறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக ஹாரன் சத்தம் அவள் காதில் விழவில்லை.

“என்ன முழிக்கிற? மெஷின் என்ன சொல்லுது?”

பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, மேலாளர் பக்கமே தள்ளிவைத்தாள்.

“இதே விதி ஏற்கெனவே இருக்காம் சார். போன மாசம் நீங்க வெச்சது.”