அரசியல் பேசாத விருந்து

சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் நின்று மகள் விசிலை ஊதிக் காட்டினாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தில் ஊதுகிற அதே விசில்.

"யார் அரசியல் பேசினாலும் ஊதுவேன். அதுக்கும் அடங்கலைன்னா தட்டைத் தூக்கிட்டு மாடிக்குப் போயிடணும். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. போன வருஷம் மாதிரி இந்த விடுமுறையும் ஆகக்கூடாது."

"ஆமாப்பா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்றாள் அம்மா, முந்தானையில் கையைத் துடைத்தபடி.

போன வருட விடுமுறை விருந்து தெரு முழுக்கக் கேட்டது. பெரியவன் வங்கி மேலாளர். ஆளும் கட்சியைக் குறை சொன்னால் தன் சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி துள்ளுவான். சின்னவன் பல் டாக்டர். பதில் சொல்ல முடியாமல் வாயைத் திறந்து கிடக்கிற நோயாளிகளிடம் அரசாங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டே பழகியவன். அன்று பாதிச் சாப்பாட்டில் கிளம்பிப் போன அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு போனில்கூடப் பேசிக்கொள்ளவில்லை.

மகள் கெஞ்சிக் கூத்தாடித்தான் இந்த வருடம் வந்திருந்தார்கள்.

"வர்ற வழியெல்லாம் ரோடு குண்டும் குழியுமா..." என்று ஆரம்பித்தான் சின்னவன்.

விசில் ஊதியது.

"ரோடு பேசினாலுமா?"

"அடுத்து, போட்டவன் யாருன்னு கேப்ப. சாப்பிடு."

"வெங்காய விலை இப்ப எவ்வளவோ பரவாயில்லைம்மா" என்றான் பெரியவன். "போன ஆட்சியில..."

மறுபடி விசில்.

வெயிலைப் பற்றிப் பேசினார்கள்; அது மின்வெட்டில் போய் முட்டியது. விசில். "என் பையன் படிப்பை முடிச்சுட்டான். வேலைதான்..." என்ற பெரியவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டான். அதற்கு விசில் தேவைப்படவில்லை.

அதோடு பேச்சு தீர்ந்தது. ரோடும் விலையும் கரண்டும் வேலையும் கூடாதென்றால் ஒரு குடும்பம் வேறு எதைத்தான் பேசும்?

பெரியவன் தொண்டையைச் செருமினான். "டேய், இந்த வீட்டைப் பத்தி யோசிச்சியா?"

சின்னவன் நிமிர்ந்தான். "நானும் கேக்கணும்னுதான் இருந்தேன்."

அப்பா போனதும் அவர் எழுதி வைத்த உயில்படி வீடு மகன்கள் இருவர் பேருக்கும் வந்திருந்தது. ஒருவன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்க முடியாது. இருவரும் ஒன்றாக உட்கார்ந்து அதைப் பேசுகிற நாள் மட்டும் இதுவரை வாய்க்கவில்லை.

"நல்ல விலைக்கு ஒருத்தர் கேக்கறார். இடிச்சிட்டு அடுக்குமாடி கட்டுவாராம்."

"அம்மா?"

"என்கிட்ட ஆறு மாசம், உன்கிட்ட ஆறு மாசம்."

"நியாயமாத்தான் இருக்கு, அண்ணா."

"அப்ப நாளைக்கே வரச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் அந்த வீட்டில் ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அது. யாரைப் பற்றிய தீர்மானமோ, அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மகளுக்குக் கண் கலங்கியது. பிறந்த வீடு போகிறதே என்று ஒருபக்கம். அண்ணனும் தம்பியும் இப்படி முகம் பார்த்துப் பேசி எத்தனை காலமாயிற்று என்று மறுபக்கம்.

அம்மா சன்னலோரத் தையல் மெஷினைப் பார்த்தாள். தெருப் பெண்கள் தைக்கக் கொடுத்த துணிகள் அதன் மேல் குவிந்து கிடந்தன. பிறகு உள்ளே போய் கேக்கை எடுத்து வந்தாள். இரண்டு துண்டுகள் வெட்டி, இரண்டு மகன்கள் தட்டிலும் ஒரே அளவாக வைத்தாள்.

"ஏம்ப்பா பெரியவனே, ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உங்க தலைவர் திறந்து வச்சாரே ஒரு பாலம், அது விழுந்துடுச்சாமே?"

மகள் விசிலைத் தேடுவதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

"விழலைம்மா. ஒரு பக்கம் லேசா இறங்கியிருக்கு. பத்திரிகைக்காரங்கதான் ஊதிப் பெருசாக்கறாங்க."

"லேசா இறங்கியிருக்கா?" சின்னவன் கேக்கைத் தள்ளி வைத்தான். "பல்லு கொட்டிப் போனவன்கிட்ட லேசா இறங்கியிருக்குன்னு நான் சொன்னா, அவன் என்னைச் சும்மா விடுவானா?"

"உங்க ஆட்சியில பாலமே கட்டலையேடா, விழறதுக்கு."

"கட்டாத பாலத்துல யாரும் சாகலையே."

விசில் ஊதியது. ஊதிக்கொண்டே இருந்தது. கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

"உன்னோட சேர்ந்து எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சின்னவன் கார் சாவியை எடுத்தான்.

"போடுன்னு இங்க யாரும் உன் கால்ல விழலை" என்று பெரியவன் செருப்பை மாட்டினான்.

வாசலில் இரண்டு கார்களும் எதிரெதிர்த் திசையில் திரும்பின. மகள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இப்பத்தானேம்மா ஒத்துமையாப் பேச ஆரம்பிச்சாங்க. அந்தப் பாலத்தை நீ ஏன் இழுத்த?"

அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். நிமிர்ந்து மகளைப் பார்த்தபோது முகத்தில் கவலை தெரிந்தது.

"அது போகட்டும்டி. அந்த ரெண்டு கட்சியும் கூட்டணி வைக்கப் போறதாச் சொல்றாங்களே, அப்புறம் என் வீடு என்னாகறது?"