ராசி நாற்காலி

"தொகாஷி சான், இன்னைக்காவது இடம் மாறி உட்காருங்க."

"முடியாது. இது என் ராசி நாற்காலி."

மிசுஹோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகோயாவின் ஓசு கடைத்தெருவில் ஹகினோ கிழவர் நடத்தும் கேம் சென்டர் அது. அங்கே சண்டை வீடியோ கேம் மெஷின்கள் இரண்டும் முதுகோடு முதுகாக நிற்கும். ஜெயித்தவர் எழுந்திருக்க வேண்டாம். தோற்றவர்தான் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். தொகாஷி தோற்பதும் இல்லை, எழுந்திருப்பதும் இல்லை.

அந்த விளையாட்டுக்குப் புதுசு புதுசாக எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. வீட்டில் படுத்துக்கொண்டே இணையத்தில் பிரேசில்காரனோடு மோதலாம். இந்தக் கூட்டத்துக்கு மட்டும் முதல் பதிப்புதான் வேண்டும். அதனால் சனிக்கிழமைகளில் மட்டும் அந்தப் பழைய மெஷின்களுக்கு உயிர் வரும். ஷட்டர் ஏறுவதற்கு முன்பே தொகாஷி வாசலில் நிற்பார், இடம் பிடிக்க.

அவருக்குச் சீடர்கள் வேறு. சில வருடங்களாக ஆட்டத்தில் அவருடைய வீரன் பெரிய உதை உதைப்பதே இல்லை, எல்லாம் குட்டி உதைதான். "பெரிய உதைங்கிறது ஆணவம்" என்று குரிதா என்கிற சீடன் இணையத்தில் நீட்டி முழக்கி எழுத, ஒசாகாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பாடம் கேட்டுப் போனார்கள். தொகாஷி தலையைச் சொறிந்துகொண்டார்.

ஹகினோ துணியும் கையுமாக வந்தார். அவருக்கு விளையாடத் தெரியாது, துடைக்கத்தான் தெரியும்.

"உதிரிபாகமே கிடைக்காத மெஷின். இன்னும் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு பொத்தான் செத்தாலும் சரி, அன்னைக்கே கடையை மூடிடுவேன். ஓட்டை மெஷினுக்குக் காசு வாங்குறது திருட்டு."

"வாராவாரம் சொல்றீங்க, பெரியவரே" என்றான் குரிதா.

அன்றைக்கு வருடாந்திர இறுதிப் போட்டி. வருடா வருடம் அதில் தொகாஷியிடம் தோற்பதே மிசுஹோவுக்கு வேலையாகிவிட்டது. இந்த முறை விடுவதாக இல்லை.

"கல், காகிதம், கத்தரிக்கோல் போட்டு இடத்தை முடிவு பண்ணலாம். சுயநலத்துக்கும் ஒரு அளவு வேணும்."

கூட்டம் கை தட்டியது. தொகாஷிக்கு வேறு வழி இல்லை. அவர் கல் காட்டினார், அவள் காகிதம் காட்டி ஜெயித்தாள்.

"மிசுஹோ, யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு. எழுந்திரிங்க."

உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பெரிய உதையை அழுத்தினாள். திரையில் அவளுடைய வீரன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நின்றான். மறுபடி ஓங்கி அழுத்தினாள். அசையவில்லை. மற்றப் பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன.

தத்துவமும் இல்லை, ஆணவமும் இல்லை. பொத்தான் செத்துப்போய் வருடங்கள் ஆகியிருந்தன.

சொல்வதற்கு வாயைத் திறந்தாள். பக்கத்தில் ஹகினோ மெஷினின் ஓரத்தைக் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு குட்டி உதை உதைத்தாள்.

எதிர்ப்பக்கத்துப் பொத்தான்களில் பழுது இல்லை. இத்தனை வருடமாக அங்கே உட்கார்ந்து அவளே பெரிய உதை உதைத்திருக்கிறாள். ஆனாலும் அங்கிருந்து ஒரு பெரிய உதைகூட வரவில்லை. தொகாஷியும் குட்டி உதையாகவே உதைத்தார்.

"இவளும் நம்ம வழிக்கு வந்துட்டா" என்று குரிதா கண் கலங்கினான்.

கடைசிச் சுற்றில், மயிரிழையில், மிசுஹோ ஜெயித்தாள்.

"பாத்தீங்களா, எல்லாம் அந்த நாற்காலி மகிமை" என்று யாரோ சொன்னார்கள்.

குரிதா முண்டியடித்துக்கொண்டு வந்தான். "அடுத்த ஆட்டம் எனக்கு. எனக்கும் அந்த இடம்தான் வேணும். வா, கல் காகிதம் போடலாம்."

மிசுஹோ இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"முடியாது. இது என் ராசி நாற்காலி."

கூட்டம் கூச்சல் போட்டது. எல்லோரையும் விட உரக்கக் கேட்டது தொகாஷியின் குரல்தான்.

"சுயநலத்துக்கும் ஒரு அளவு வேணும்."