பத்து நாள் லீவு

"பூனைக்காகவா லீவு போட்டிருக்கே?"

மாடியிலிருந்து இறங்கி வந்த ஓரகத்தி கேட்டதும் டீச்சருக்குச் சுருக்கென்றது. பின்னே, சும்மாவா? இனி குட்டி போடாமலிருக்க, பூனைக்குக் கர்ப்பப்பையையே எடுத்திருக்கிறது. வயிற்றில் நாலு தையல். பத்து நாள் குதிக்கக் கூடாது, தையலை நக்கிப் பிரித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஆமாக்கா. பத்து நாள்."

"பத்து நாளா" என்று இழுத்தாள் மூத்தவள். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு சுவரில் முட்டிக்கொண்டிருந்த பூனையைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு மேலே போய்விட்டாள்.

டீச்சருக்கு ஆறவே இல்லை. வாயில்லா ஜீவன் படுகிற பாட்டைப் பார்த்துச் சிரிக்கிறாளே, நெஞ்சா அது, கல்லா என்று கணவனுக்குப் போன் போட்டுப் பொரிந்து தள்ளினாள். அண்ணி அப்படித்தான், காதில் போட்டுக்காதே என்று அவன் வழக்கம்போல நழுவிக்கொண்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மருந்து வாங்கப் போய் இருபதே நிமிஷத்தில் திரும்பினாள். கூம்பு மட்டும் தரையில் கிடந்தது. பூனையைக் காணோம்.

மாடியில் மெல்லிசாக ஒரு மியாவ் கேட்டது. ஓகோ, இது அவள் வேலையா? அக்காவாவது மண்ணாவது, இன்றைக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டே படியேறினாள்.

மேலே மூத்தவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பூனை, ஸ்பூனில் அவள் புகட்டிய தண்ணீரைச் சமர்த்தாக நக்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றைச் சுற்றிப் பூப்போட்ட துணியில் ஒரு சட்டை. நாலு காலுக்கு நாலு ஓட்டை, முதுகில் முடிச்சு. மூத்தவளுடைய பழைய நைட்டித் துணிதான்.

"கத்து கத்துன்னு கத்துச்சு. கீழே இறங்கிப் பார்த்தா, கூம்பைக் கழட்டிப் போட்டுட்டுத் தையலைக் கடிக்கப் பார்க்குது. மூணாம் நாள்தான் அரிப்பு உயிரை வாங்கும். மெத்துன்னு துணியைச் சுத்திக் கட்டினா கொஞ்சம் தேவலை."

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"போன வருஷம் எனக்கும் இதே ஆபரேஷன்தானே."

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது டீச்சருக்கு. கூட இருந்து பார்த்துக்கொள்ளக் கேட்டபோது, பரீட்சை நேரம், லீவு தரமாட்டார்கள் என்று அன்றைக்குக் கையை விரித்தவள் இவள்தான். மூன்றாம் நாளே மூத்தவள் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று எல்லாருக்கும் சமைத்தாள். அந்தச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்க அக்காவுக்கு இரும்பு உடம்பு என்று ஸ்டாஃப் ரூமில் பெருமை அடித்ததும் இதே வாய்தான்.

"அக்கா, அப்ப நான்..."

"அதை விடு." மூத்தவள் பூனையைப் பதமாகத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். "லீவைப் பாதியில முடிச்சுக்காதே. கர்ப்பப்பை எடுத்த உடம்பு, பக்கத்துல ஆள் இல்லேன்னா தாங்காது."