ஏழாவது நிபந்தனை

சலவை மெஷின் கம்பெனி மேனேஜருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. உத்தரவாத அட்டையை ஊரே படிக்கும்படி அமைத்திருந்தாள் டிசைனர் பெண்.

“நிபந்தனையெல்லாம் எதுக்கும்மா இவ்வளவு பெரிசா?”

“எழுத்து அளவு ஆறு பாயின்ட்தான் சார்.”

“மூணாக்கு. வரி இடைவெளியை நெருக்கு. கறுப்பு எதுக்கு? வெளிர் சாம்பல் போடு.”

“யாராலயும் படிக்க முடியாது சார். இது அநியாயம்!”

“படிச்சு என்ன ஆகப்போகுது? அக்கா பிரசவத்துக்கு லீவு கேட்டு மூணு தடவை எழுதிக் கொடுத்தியே, நான் படிச்சேனா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, படபடவென்று தட்டி, ஒரு பிரதி எடுத்து நீட்டினாள். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை.

“இதுதாம்மா டிசைன்!” என்று அட்டையின் அடியில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தோடு ஆயிரக்கணக்கில் அச்சாகி, மெஷின்களோடு வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது அட்டை.

இருபதாம் தேதி அவள் நாற்காலி காலி. “சொல்லாமக் கொள்ளாம லீவா? என்ன திமிர்!” என்று மேனேஜர் தரைக்கும் கூரைக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“உங்க மெஷின் வாங்கினவன் பேசறேன். அட்டையைப் பூதக்கண்ணாடி வெச்சுப் படிச்சேன். ஏழாவது நிபந்தனையில, ‘இதை அமைத்த டிசைனருக்கு அக்கா பிரசவத்துக்காக இருபதாம் தேதி முதல் பத்து நாள் லீவு உண்டு’ன்னு இருக்கு. கீழே நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

மேனேஜர் மேஜை இழுப்பறையில் பூதக்கண்ணாடியைத் துழாவ, போனில் குரல் தொடர்ந்தது.

“சரி, அதை விடுங்க. என்ன குழந்தை?”