உலகம் சுற்றி வந்த காசு

பணம் வந்த வழியைக் காற்றில் ஒளியிழையாக விரிக்க இன்று மாலை வகுப்பில் கற்றேன். வீட்டுக்கு வந்ததும், துபாயிலிருந்து யாழினி அக்கா அனுப்பும் கிரிப்டோ காசில் ஒன்றை விரித்துப் பார்த்தேன். இழை சன்னல் வழியே நீந்தித் துபாயைத் தொட்டது, ஆனால் நிற்கவில்லை. எங்கெங்கோ கடல்களைத் தாண்டி மதுரைக்கே திரும்பி, மாட்டுத்தாவணியில் ஓர் ஓட்டலின் சம்பளக் கணக்கில் முடிந்தது.

நான்தான் தப்பாகச் செய்திருப்பேன் என்று முதலிலிருந்து மறுபடி விரித்தேன். அதே ஓட்டல். சம்பளம் வாங்கியவர் யாழினி.

அவளைத் துபாய்க்கு அனுப்பத்தான் அம்மா சொந்த வீட்டை விற்றுவிட்டு இந்த வாடகை வீட்டுக்கு வந்தாள்.

அதிரசம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "அக்கா காசாடி? எங்கிட்டுருந்து வருதுன்னு காட்டு."

அவசரமாக இழையைத் துபாயோடு நிறுத்தினேன். அறை முழுக்கக் கடல் மினுங்கியது.

"அம்புட்டுத் தூரமா? அதிரசம்னா அவளுக்கு உசுரு. எப்படிக் குடுத்து விடுறது?"

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. அம்மா தூங்கியதும் நான்கு அதிரசங்களைப் பொதிந்து பையில் வைத்தேன். நாளை வகுப்புக்குப் போகும்போது மாட்டுத்தாவணியில்தான் பேருந்து மாற வேண்டும்.